மூக்கணாங்கயிறு இல்லாமல் எழுந்த காளை

1963 கார்த்திகை. தினக் காலண்டரில் தாள் கிழிக்க நான் மறந்த நாள்கள் மிகக் குறைவு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவற்றில் ஒன்று.

சிங்கவரத்தில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரரின் மயிலைக் காளைக்குக் கொம்பில் புற்று. மார்கழியில் கடலை விதைக்க உழவு ஓட்டியாக வேண்டும். அவருக்கு இருந்தது ஒரே ஜோடி. இரண்டையும் வெறும் வண்டியில் பூட்டிச் செஞ்சி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். மயக்க மருந்து கொடுத்த பூனையின் மூளையில் மின் அலைகள் மந்தமாவதைப் பற்றி ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். நேரில் பார்க்க ஆசை.

டாக்டர் கழுத்து நரம்பில் குளோரல் என்ற மயக்க மருந்தை ஏற்றினார். காளை கால் பின்னி வைக்கோலில் சாய்ந்தது. திறந்திருந்த கண்ணை விரலால் தொட்டார். அது இமைக்கவில்லை. ரம்பம் கொம்பில் இறங்கியபோதும் காதுகூட அசையவில்லை.

"மூளை தூங்குது, வலி தெரியாது. முழுசா முழிக்கிற வரைக்கும் கயித்த விடாதீங்க," என்று சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டு, டாக்டர் கை கழுவப் போனார்.

நிலத்துக்காரர் குனிந்து அதே கண்ணைத் தொட்டுப் பார்த்தார். "போயிடுச்சுங்க."

"மூச்சு இருக்குது பாருங்க," என்றேன்.

அவர் காதில் விழவில்லை. செத்த மாட்டை மூக்கணாங்கயிற்றோடு அனுப்புவது அவர் வீட்டில் பாவம். மடியிலிருந்த கத்தியால் அறுத்து உருவிவிட்டார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? சாவு மேளத்துக்கும் சொல்லிட்டியா?" என்று கத்தினார் கம்பவுண்டர்.

அப்போது காளை எழுந்தது. கால்கள் விழித்துவிட்டன, கண்ணில் யாருமில்லை. சுவரில் மோதியது. கட்டு நனைந்து ரத்தம் வழிந்தது. பிடிக்கக் கயிறு இல்லை. "ராசா, நான்தான்டா!" என்று குறுக்கே போனவரை, வேலிப் படலைத் தள்ளுவதுபோல் தள்ளிச் சாய்த்தது. ஓடிவந்த டாக்டரும் கம்பவுண்டரும் கழுத்தில் வடம் வீசி வேப்பமரத்தோடு இறுக்கினார்கள்.

நிலத்துக்காரர் விழுந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "செத்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். என்னையே தெரியலையே அதுக்கு."

"இன்னும் பாதித் தூக்கம். பொறுங்க," என்றார் டாக்டர்.

நான் படித்த அந்த மந்த அலைகளில் வளர்த்தவரின் முகமே மூழ்கிப்போகும் என்று பத்திரிகையில் இல்லை.

வெயில் தாழ்ந்தபின் வடத்தை அவிழ்த்தார்கள். காளை மெல்ல நடந்து, வண்டியருகே நின்ற ஜோடிக் காளைக்கு இடப்பக்கம், தன் இடத்தில் போய் நின்றது. அவருக்குக் கிட்டே போகத் துணிவில்லை. எட்டி நின்றே, "ராசா," என்றார்.

ஒற்றைக் கொம்போடு தலை திரும்பியது.