துஷாந்தினி அடைத்த கதவு

மடுல்சீமைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் துஷாந்தினி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியக் காலையில் கொண்டுவந்து விட்டுப்போகும் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பதும், மூக்குத் துடைப்பதும், மத்தியானம் தொட்டிலில் போட்டுத் தூங்க வைப்பதும் அவள் வேலை. வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் வந்த வரன்களை அவள் வேண்டாம் என்றாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வரன்கள் வரவில்லை. லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் அவளும் அம்மா அங்கம்மாவும் மட்டும்தான்.

குழந்தைகள் தூங்கும் நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று உள்ள நேரம். காம்பராவின் பின்படியில் உட்கார்ந்தால் ஃபோனுக்குக் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். ஊரே ஃபேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் கிடக்க, இவள் போய்ச் சேர்ந்தது மாஸ்டடோன் என்கிற இடத்துக்கு. கூட்டிக்கொண்டு போனவள் விஜிதா. அப்புத்தளையில் பள்ளிக்கூடமொன்றில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவள். ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானவள்.

"ஃபேஸ்புக் மாதிரிதான், ஆனா ஒரே முதலாளி கிடையாது," என்று விஜிதா விளக்கினாள். "நம்ம தோட்டங்க மாதிரி வச்சுக்கங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு தொரை, ஒவ்வொரு சட்டம். ஆனா நடுவுல பாதை தொறந்திருக்கும். இந்தத் தோட்டத்து ஆளு அந்தத் தோட்டத்து ஆளோட பேசலாம், பழகலாம். பிடிக்கலேன்னா குடி மாறிப் போயிடலாம். உங்களைப் பார்க்குறவங்களும் கூடவே வந்துருவாங்க."

விஜிதாவே அப்படியொரு தோட்டம், அதாவது ஒரு சர்வர், வைத்திருந்தாள். பெயர் பனிமூட்டம். ஊவாவிலும் கொழும்பிலும் கத்தாரிலும் இருக்கும் மலையகத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் அதில் இருந்தார்கள். விளம்பரம் கிடையாது. புதிதாக ஒருவர் வந்தால் நாலு பேர் வாங்க என்பார்கள். சாவுச் செய்தி போடுவதாக இருந்தால் மேலே ஒரு எச்சரிக்கை வரி எழுதி, விருப்பமுள்ளவர் மட்டும் திறந்து பார்க்கும்படி மூடிப் போடவேண்டும். இதெல்லாம் யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, பழக்கம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. முதல் தடவை அவள் ஒரு படம் போட்டாள். கொடியில் காயும் தொட்டில் சீலைகள். யாரும் அதைத் திருப்பிப் பகிரவில்லை. மறுநாள் ஒரு தகவல் வந்திருந்தது.

"படத்தில என்ன இருக்கெண்டு இரண்டு வரி எழுதிவிடுவீங்களோ? எனக்குக் கண் தெரியாது. எழுத்தை என்ர ஃபோன் வாசிச்சுச் சொல்லும். படத்துக்கு நீங்கள் எழுதினால்தான் உண்டு."

பெயர் பார்த்தீபன். முற்றம் என்ற வேறொரு சர்வரிலிருந்து எழுதியிருந்தார்.

துஷாந்தினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொட்டில் சீலைகள் காய்கின்றன என்று எழுதினாள். என்ன நிறம் என்று கேட்டார் அவர். ஒன்பது வயதுவரை கண் தெரிந்ததாம், நிறங்கள் ஞாபகம் இருக்கிறதாம். பழைய சேலையில் கிழித்தது, ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று சாயம் போய் என்ன நிறமென்றே சொல்ல முடியாது, காற்றில் அந்த ஒன்று மட்டும் சுருண்டு கொடியிலேயே ஏறிக்கொண்டது என்று எழுதினாள். "இப்ப தெரியுது," என்று பதில் வந்தது.

அந்த இரண்டு சொல்லுக்காகவே அவள் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவதொன்றைப் பார்த்தாள். பார்த்தீபன் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் டெலிஃபோன் ஒப்பரேட்டர் வேலை. தங்குவது ஒரு போர்டிங்கில். அவருக்கு மலை எப்படியிருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. குளிர் தெரியும், பஸ் வளையும்போது வயிற்றைப் பிரட்டுவது தெரியும், அவ்வளவுதான். துஷாந்தினி சொன்னாள். மலை என்று மொத்தமாகச் சொல்லாமல், எதிர் மலையில் பறிக்கிறவர்களின் தலைத்துண்டு எந்த இடத்தில் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னாள்.

பிறகு ஃபோன் நம்பர் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு தடவை பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டும் வந்தாள். இரண்டாவது தடவை பஸ் ஸ்டாண்டில் தெருவைக் கடக்கும்போது அவர் அவளுடைய முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். "நீர் கொஞ்சம் மெல்ல நடவும்," என்றார். நீங்கள் என்பது எப்போது நீர் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் யாரும் யாரையும் நீர் என்பதில்லை; யாழ்ப்பாணத்தில் நெருக்கமானவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று கேட்டிருந்தாள். மடுல்சீமை வரும்வரை பஸ்ஸில் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அங்கம்மாவுக்குச் சொன்னபோது அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கண்ணு தெரியாத மாப்பிள்ளையா? அதுவும் யாழ்ப்பாணத்தாளு. நம்மள மதிப்பாங்களா? வேணாம்டி. சொன்னா கேளு."

ஒரு மாதம் அதே பேச்சு. பிறகொரு நாள் அம்மாவின் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டாள் துஷாந்தினி. அவர் அங்கம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். தன் தாய்க்கும் அதேதான் என்றார். ஃபோனை வைத்துவிட்டு அங்கம்மா வெகுநேரம் வெற்றிலை மென்றாள். "வருஷப் பொறப்புக்கு வரச் சொல்லு," என்றாள் கடைசியில். "சைவமான்னு கேட்டுக்க."

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் மாஸ்டடோனில் புதிய வசதியொன்று வந்து பரவியது. இன்னொருவர் எழுதியதை அப்படியே எடுத்து, அதற்குமேல் நம்முடைய சொல்லை வைத்துப் போடலாம். முன்பு அது கிடையாது. கிடையாததே நல்லது, வந்தால் ஆளை வைத்துச் சிரிக்கத்தான் உதவும் என்று பழையவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் தன்னுடையதை யார் எடுக்கலாம் என்று எழுதியவரே தீர்மானிக்கும்படி, எடுத்துவிட்டாலும் பிடுங்கிக்கொள்ளும்படி வைத்துத்தான் கொடுத்தார்கள். விஜிதா ஒரு மத்தியானம் ஃபோனில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். துஷாந்தினி அப்போது பனிமூட்டத்தில் விஜிதாவுக்கு உதவியாக இருந்தாள். முறைப்பாடு வந்தால் பார்ப்பது, சண்டையென்றால் இரு பக்கமும் பேசி அமர்த்துவது.

பனிமூட்டத்தில் ஸவாஹிரா என்றொரு பெண் இருந்தாள். பதுளைப் பக்கத்துப் பிள்ளை, வெளியூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கியிருக்கும் விடுதியில் தன் மலைநாட்டுப் பேச்சைக் கேட்டு மற்றப் பெண்கள் சிரிக்கிறார்கள், வகுப்பில் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்று, தன் வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதியிருந்தாள். அதை எடுத்து முற்றத்தில் ஒருவர் மேலே ஒரு வரி வைத்தார். "இதுவும் தமிழாம், இவ எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறாவாம்."

எழுதியவர் ஜெயரட்ணம். முற்றம் சர்வரே அவருடையதுதான்.

அதற்கு மேல் இன்னொருவர், அதற்கு மேல் இன்னொருவர். ஸவாஹிரா தன் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவர்கள் அதைப் படமாகப் பிடித்துப் போட்டார்கள். அவளுடைய முகப்படத்தைக் கண்டுபிடித்தார்கள். எந்தக் கல்லூரி என்று போட்டார்கள். விஜிதா ஜெயரட்ணத்துக்கு முறைப்பாடு அனுப்பினாள். இது வெறும் வேடிக்கை, பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாதவர்கள் வெளியே வரக்கூடாது என்று பதில் வந்தது.

ஸவாஹிரா துஷாந்தினிக்கு எழுதினாள். "அக்கா, நான் மூணு நாளா கிளாஸுக்குப் போகல. வாசல்ல யாராச்சும் நிப்பாங்களோன்னு இருக்கு."

அன்றைக்கே விஜிதா துஷாந்தினிக்கு ஃபோன் எடுத்தாள். "முற்றத்துக்குப் பாதையை அடைக்கணும். வேற வழியில்ல. அடைச்சா அங்க உள்ள ஒருத்தரும் நம்ம ஆளுங்களைப் பார்க்க முடியாது, நம்மளும் அங்க பார்க்க முடியாது. நல்லவங்க கெட்டவங்கன்னு பிரிக்க ஏலாது." பிறகு சொன்னாள்: "உங்களுக்கு அங்க ஆள் இருக்குன்னு தெரியும். உங்களைக் கேக்காம நான் செய்யமாட்டேன்."

துஷாந்தினி பார்த்தீபனுக்கு ஃபோன் எடுத்தாள். பனிமூட்டத்துக்கு மாறி வந்துவிடச் சொன்னாள். அவரோடு தொடர்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் கூடவே வந்துவிடுவார்கள், எப்படி மாறுவதென்று பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறேன் என்றாள்.

"யோசிக்கிறன்," என்றார் அவர்.

அடுத்த நாள் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். "நீர் அவசரப்படுத்தாதையும்," என்றார். அன்று காலை ஸவாஹிராவின் தகப்பனுடைய கடைப் பெயரும் முற்றத்தில் வந்திருந்தது.

மத்தியானம் குழந்தைகள் தூங்கினார்கள். துஷாந்தினி பின்படியில் உட்கார்ந்து விஜிதாவை அழைத்தாள். "அடைச்சுரலாம்," என்றாள். "நீங்க செய்ய வேணாம். நானே செய்றேன்."

திரையில் எச்சரிக்கை வந்தது. இத்தனை தொடர்புகள் அறுந்துபோகும், திருப்பி எடுக்க முடியாது, நிச்சயமா என்று கேட்டது. அவள் காம்பராவுக்குள் ஒரு குழந்தை அழுகிறதா என்று காது கொடுத்தாள். ஒன்றும் அழவில்லை. பொத்தானை அழுத்தினாள். சற்று நேரத்தில் அவளுடைய கணக்குக்கே ஓர் அறிவிப்பு வந்தது. இதுவும் புதிய வசதிகளில் ஒன்று. முன்பென்றால் சத்தமில்லாமல் போயிருக்கும். உங்கள் தொடர்புகள் சில துண்டிக்கப்பட்டன என்று எழுதியிருந்தது. அவர் பெயரைத் தேடிப் பார்த்தாள். அப்படி யாரும் இல்லை என்றது.

ஃபோன் நம்பர் இருந்தது. அதனால் அவள் அப்போது அழவில்லை.

மாலையில் அவள் அழைத்தபோது அவர் ஃபோனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. சனிக்கிழமை அவள் பஸ் ஏறினாள். மழைக்கு உடைந்த பாதையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. போர்டிங் வாசலில் போய் நின்றாள். அவர் வெளியே வந்தார். பக்கத்துச் சைவக் கடையில் உட்கார்ந்தார்கள். அவர் வடையைத் தொடவில்லை.

"ஜெயரட்ணம் அண்ணை ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். "நான் ஒரு அறைக்குள்ள றேடியோவோட கிடந்தவன். என்ர கையைப் பிடிச்சு ஃபோன் பழக்கினது அந்த மனுசன். முற்றத்தில எல்லாத்தையும் கண் தெரியாதவைக்கு ஏற்ற மாதிரிச் செய்ததும் அவர்தான். அவரை விட்டிட்டு வா எண்டு எப்பிடிக் கேக்கிறீங்கள்?"

"அவரோட பேச வேணாம்னு சொல்லலீங்களே. அவர் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அது ஒரு பகிடி. கொஞ்சம் கூடிப்போச்சு."

"அந்தப் புள்ள வகுப்புக்குப் போறதில்லைங்க."

அவர் தடியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"என் பேச்சும் அவங்களுக்குப் பகிடிதானுங்களே?" என்றாள் துஷாந்தினி.

"உங்களை ஆரும் ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள் வேற." பிறகு, "உங்கட ஆக்கள் எல்லாரையும் போல இல்லை நீங்கள்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. டீ ஆறி ஏடு படிந்தது. வந்ததிலிருந்தே அவர் நீர் என்பதை விட்டு நீங்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"ஓம். கவனமாப் போங்கோ."

போர்டிங் வாசல்வரை கூடவே போனாள். அவர் இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. தடியைத் தட்டிக்கொண்டு அவளுக்கு ஓரடி முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பசறை வரும்வரை அழுதாள். பக்கத்திலிருந்த சிங்கள அம்மா ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்த தோடம்பழமொன்றை அவள் மடியில் வைத்தாள்.

முற்றத்துச் சத்தம் பனிமூட்டத்துக்குள் வராமல் நின்றது. ஸவாஹிரா வகுப்புக்குத் திரும்பிப் போனாள். ஆனால் பனிமூட்டத்தில் அவள் இருக்கவில்லை. "எனக்கு இந்த எடமே வேணாம் அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்று எழுதிவிட்டுக் கணக்கை அழித்துவிட்டாள். யாருக்காக அடைத்தாளோ அவளும் இல்லாத இடத்தில் துஷாந்தினி முறைப்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் அப்படியொரு நாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று விஜிதா ஒருமுறை கேட்டாள். "அடைக்கத்தான் செய்வேன்," என்றாள்.

சித்திரை பிறந்தது. அங்கம்மா இரண்டு நாள் முன்னாலேயே லயத்து வாசலைச் சாணம் போட்டு மெழுகி, வடைக்கு உளுந்தும் பாயசத்துக்குச் சவ்வரிசியும் வாங்கி வைத்திருந்தாள். கோழி வாங்கவில்லை. காலையில் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தத் தம்பி எத்தன மணி பஸ்ஸுக்கு வருது?"

துஷாந்தினி அடுப்படியில் நின்றாள். இத்தனை நாள் தள்ளிப் போட்டது. "வராதும்மா," என்றாள். "இனி வராது."

"ஏன்டி? சண்டையா?"

அவள் சொல்லப் பார்த்தாள். ஒரு பெண்ணை வைத்துச் சிரித்தார்கள், நான் பாதையை அடைத்தேன், அவர் அந்தப் பக்கம் நின்றுவிட்டார். எந்தப் பாதை என்று அம்மா கேட்டாள். ஃபோனுக்குள்ளே என்றாள். ஃபோனுக்குள்ளே பாதை ஏது என்று அங்கம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளுக்கு வேறொன்று விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான். நாந்தான் மொதல்ல வேணாம் வேணாம்னு சொன்னேன். கண்ணு தெரியாதவன்னு வாய் கூசாம சொன்னேன். அதுக்குக் காதுல விழுந்துருச்சு. இல்லேன்னா இப்பிடிப் போற புள்ளையா அது?"

"இல்லம்மா. ஒன்னால இல்ல."

"நீ எனக்காகச் சொல்ற."

"சத்தியமா இல்லம்மா."

அங்கம்மா நம்பவில்லை. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் அழுதாள். துஷாந்தினி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். வேறு எப்படிச் சொன்னால் விளங்கும் என்று யோசித்துப் பார்த்தாள். அடுப்பில் பாயசம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எழுந்துபோய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.