ஓனர் வீட்டு போன்

போன் மணி அடித்தால் இன்றைக்கும் நான் சட்டென்று எடுக்க மாட்டேன். செல்போன் கைக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனரும் அவருடைய இன்டர்நெட்டும்தான்.

ஓனர் பேரிகை என்ற ஊர்ப் பக்கத்து நிலக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தொழிற்பேட்டைக்கு அருகில் வரிசையாக வீடு கட்டி, எங்களைப் போன்ற ஃபேக்டரிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த வரிசைக்கே போன் என்று இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். ஆண்கள் எல்லாரும் ஃபேக்டரியில் அந்த நம்பரையே ‘பி.பி. நம்பர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவசரம் என்றால் அதில் கூப்பிடுவார்கள், ஓனர் வந்து எங்களைக் கூப்பிடுவார். ஓயாமல் இது நடக்கவே சலித்துப்போய், அதே லைனில் இன்னொரு போனை இழுத்து வெளி வராந்தாவில் வைத்தார். பேரலல் என்பார். உள்ளே மணி அடித்தால் வெளியேயும் அடிக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பிறகு அமெரிக்காவில் இருந்த மகள் அனுப்பும் மெயிலும் போட்டோவும் பார்க்கக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதே போன் லைனில் இன்டர்நெட். கீச்சுக் கீச்சென்று கத்தி அது இணைவதற்குள் இங்கே ஒரு உலை கொதித்துவிடும். இணைந்த பிறகும் ஆமை வேகம்தான். நடுவில் எங்களில் யாராவது வெளியே ரிசீவரைத் தூக்கினால் போச்சு, அறுந்துவிடும். உள்ளிருந்து தெலுங்கில் வசவு வரும். லைன்மேனை வரவழைத்துக் கம்பத்து ஜாயின்ட்டைப் பார்க்கச் சொன்னார். கரகர சத்தம் போயிற்றா என்று மணிக்கொரு தரம் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார். ஒயரை மாற்றினார், மோடத்தை மாற்றினார். கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர், பேரலல் இருக்கும்வரை வேகம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளி போனின் ஒயரைக் கழற்றிவிட்டார் ஓனர். போன் மட்டும் பொம்மை மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிய வெகுநேரம் இருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

பிழிந்துகொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் பிள்ளையோடு எனக்கு முன்பே வராந்தாவில் நின்றார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், எனக்கு மத்தூர். அவர் கணவரும் என் கணவரும் ஒரே ஷிப்டில், தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தார்கள்.

அக்கா ரிசீவரைக் காதில் வைத்தார். “சத்தமே வரலியே!”

நான் வாங்கிப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. பெங்களூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போவது கேட்டது.

கதவை இடித்தோம். ஓனர் திறந்துவிட்டு, மறுபடியும் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாளாம். அவள் போட்டோ மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒக்க நிமிஷம்மா. முடி வந்துருச்சு, மூஞ்சி இன்னும் வரல. காலைலருந்து பாக்கறேன்.”

“காலைலருந்தா? அப்போ யாரு கூப்பிட்டாலும் லைன் கெடைச்சிருக்காதேங்க!” என்று கத்திவிட்டேன்.

“ஃபேக்டரில சங்கு ஊதுது அண்ணாச்சி, ஒங்க காதுல விழலயா?” என்றார் அக்கா.

ஓனருக்கு அப்போதுதான் உறைத்தது. “தேவுடா” என்று எழுந்தார். போட்டோ பேத்தியின் நெற்றியோடு நின்றது. ஒயரைப் பிடுங்கிப் போனில் சொருகினார். ஃபேக்டரி நம்பரைச் சொல்ல நாங்கள் வாய் திறப்பதற்குள் மணி அடித்தது.

யாரும் எடுக்கவில்லை. எடுக்காதவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் ஓனர் எடுத்தார். “ஆமாங்க, இங்கதான் குடியிருக்காங்க” என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்காக இருக்கக் கூடாது, எனக்காக இருக்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அந்த அறையில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண்தான் இருந்தார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

ரிசீவரை அவர் அக்காவிடம் நீட்டினார்.

“அப்பாடா” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் ரிசீவரை வாங்கினார். “கையா? எந்தக் கை? உசுருக்கு ஒண்ணும் இல்லல்லா? வாரேன், இப்பவே வாரேன்.”

வைத்துவிட்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் நேரே என்னிடம் வந்து, இடுப்பிலிருந்த பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

“பால் குடிச்சிட்டான். அழுதாம்னா தோள்ல போட்டுக்க” என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினார்.