ரேணுகாம்பாள் தேடிப்போன புத்து

அம்மணியம்மன் கோபுர வாசலில் செருப்புக் காவல் பார்த்த ரேணுகாம்பாளுக்கு அப்போது வயது நாற்பத்தைந்து இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அதற்கு மேல் பள்ளிக்கூடம் அவளுக்கு வாய்க்கவில்லை. காலையில் கோணியை விரித்து உட்கார்ந்தாள் என்றால் கோயில் நடை சாத்தும்வரை அங்கேதான். "உள்ள போயி நிம்மதியா நின்னு கும்புடுங்க. செருப்பை நெனச்சுக்கினே சாமியப் பாத்தீங்கன்னா சாமி எங்க தெரியும்?" என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

படவேட்டு அம்மன்தான் அவள் பிறந்த வீட்டுக்குக் குலதெய்வம். அந்த அம்மன் பேரையே இவளுக்கும் வைத்திருந்தார்கள். ஆடி மாதம் வந்தால் ஏரிக்கரைப் புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் தூவி, முட்டை வைக்காமல் இருக்க மாட்டாள். புற்று என்றால் அவளுக்கு அது மண்மேடு இல்லை, அம்மன் குடியிருக்கிற வீடு.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி வெள்ளியன்று, கோயில் வாசலில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒலிபெருக்கி கட்டிய ரிக்‌ஷா ஒன்று வடக்கு வீதியில் வந்தது. கோயிலுக்குள்ளே நாயனச் சத்தம், வெளியே வளையல்காரன் சத்தம், நடுவில் பஸ் ஹாரன். ரிக்‌ஷாவில் இருந்தவனுக்கோ ஜலதோஷம். அவன் சொன்னதில் பாதி காற்றோடு போயிற்று. மீதி இப்படிக் காதில் விழுந்தது: "தாய்மார்களே... மாரி... புத்து... பெண்கள் பள்ளிக்கூடத்தில்... நாளையும் ஞாயிற்றுக்கிழமையும்... அனைவரும் வந்து..."

பக்கத்தில் தேங்காய் பழம் விற்கும் ஜோதியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"கேட்டியாடி ரேணுகா? பள்ளிக்கூடத்துல மாரிப் புத்து கெளம்பியிருக்காம்!"

"ஆடி வெள்ளியும் அதுவுமா!" என்று ரேணுகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அந்தத் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் தலைக்குக் குளித்து, பால் சொம்பும் முட்டையும் மஞ்சளுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். சந்திரகலா என்று பேர். சின்ன வயசு, வெள்ளைச் சேலை. கூட்டமாகப் பெண்கள் வருவதைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க. காலையிலேர்ந்து ஒருத்தரும் வரலியேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"புத்து எங்கம்மா?" என்றாள் ஜோதியம்மாள்.

"இருக்கா இல்லியான்னு பாக்கத்தானம்மா வந்திருக்கோம்."

"இன்னும் நீங்களே பாக்கலியா? அப்பறம் இன்னாத்துக்கு ஊரெல்லாம் மைக்ல சொன்னீங்க?"

"தொட்டுப் பாத்தாதானம்மா தெரியும்? உள்ள டாக்டரம்மா இருக்காங்க. ஒவ்வொருத்தரா போங்க."

"தொட்டுப் பாக்கறதா!" ஜோதியம்மாள் இரண்டு அடி பின்வாங்கினாள். "உள்ள பாம்பு இருக்கும்மா! கைய விட்டா போட்டுடும்!"

"பாம்பா?" என்று நர்ஸ் விழித்தாள். அப்போதுதான் பால் சொம்பு அவள் கண்ணில் பட்டது. முட்டையைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, சாமி சமாசாரம் என்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுந்து வந்து, தன் மார்பில் கைவைத்துக் காட்டினாள்.

"இது அந்தப் புத்து இல்லம்மா. மாருல வர்ற புத்து நோய். மார்புப் புத்து. கட்டி கிட்டி இருக்கான்னு டாக்டரம்மா கையால தடவிப் பாப்பாங்க. காசு இல்ல."

பெண்களுக்கு முகம் செத்துப்போயிற்று. ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜோதியம்மாள் "தூ!" என்று ஓரமாகத் துப்பிவிட்டு, "நல்ல நாளும் பொழுதுமா அந்தப் பேச்சக் கேக்க வந்தோம் பாரு" என்று திரும்பினாள். எல்லோரும் அவள் பின்னாலேயே திரும்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அது எல்லோரையும் தொற்றிக்கொண்டது. "போட்டுடும்னியே அக்கா, டாக்டரம்மாவையா?" என்று கேலி வேறு.

ரேணுகாம்பாள் மட்டும் நின்றாள்.

"எனக்கு நோவு ஒண்ணும் இல்லியே, நர்ஸம்மா?"

"நோவு இல்லாதவங்களத்தாம்மா கூப்புடறோம். நோவு வந்து ஜாஸ்தி ஆனப்பறம் வந்தா, டாக்டராலயும் கம்மியாத்தான் செய்ய முடியும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருப்போம். யோசிச்சுட்டு வாங்க."

கொண்டுபோன பாலை ஏரிக்கரைப் புற்றில் ஊற்றிவிட்டுக் கோபுர வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். அதற்குள் கதை பரவிவிட்டது. பூக்காரி முதல் விபூதிக் கடைக்காரர் வரைக்கும் "புத்துல பாம்பு இருந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ரேணுகாம்பாளும் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பொன்னியின் ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பொன்னி அவளுக்கு நாத்தனார். செங்கம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். நல்ல உழைப்பாளி, வாய்த்துடுக்கு. அவளுக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. அந்த ஊர் வைத்தியர் பார்த்துவிட்டு, "புத்து மாதிரி இருக்கு, வேலூருக்குப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். பொன்னி காதில் முதல் வார்த்தைதான் விழுந்தது. ஆத்தா தன் உடம்பில் புற்றுக் கட்டியிருக்கிறாள், கத்தி வைத்தால் அம்மனை வெட்டினதுபோல் ஆகிவிடும் என்று முடிவு செய்துகொண்டாள். தினமும் மஞ்சள் பூசினாள். செவ்வாய், வெள்ளி விரதம் இருந்தாள். கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. சேலைக்கு மேலே வாடை வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. கடைசி நாட்களில் கழுவித் துடைத்தவள் ரேணுகாம்பாள்தான். "ஆத்தா ஏன் அண்ணி எம்மேல இவ்ளோ கோவமா இருக்கா?" என்று பொன்னி கேட்ட கேள்விக்கு அவளால் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது பதில் கிடைத்துவிட்டது. ஆத்தாளுக்குக் கோபமே இல்லை. இன்று காலை பால் சொம்போடு இவர்கள் செய்த அதே தப்பைத்தான் பொன்னியும் செய்தாள். இவர்களுக்கு அது சிரிப்போடு போயிற்று. அவளுக்கு உயிரோடு போயிற்று. ஒரு வார்த்தையை வேறு வார்த்தை என்று நினைத்ததற்கா ஒரு உயிர்?

சாயங்காலம் ஜோதியம்மாளிடம் சொன்னாள்: "அக்கா, நான் நாளைக்குப் போகலாம்னு இருக்கேன்."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"ஒனக்கு இன்னா கேடு? இல்லாத நோவ வெத்தல பாக்கு வச்சு அழைக்கப் போறியா?" ஜோதியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, அவ்ளோ ஆசைன்னா சன்னதியில பூ போட்டுக் கேளு. செவப்பு வந்தா போ. வெள்ளை வந்தா வாய மூடிக்கினு செருப்பப் பாரு."

பூக்கட்டிக் கேட்காமல் எதையும் செய்கிறவள் இல்லை ரேணுகாம்பாள். மகள் கஸ்தூரிக்குப் போளூரிலிருந்து வந்த வரனுக்குக்கூட அப்படித்தான் கேட்டாள். அன்று சன்னதியில் போய் நின்றவள், பூ கேட்கவில்லை. கண்ணை மூடி நின்றுவிட்டு வந்தாள்.

"இன்னா வந்துச்சு?" என்றாள் ஜோதியம்மாள்.

"பூ போடல. போலாமா வேணாமான்னு கேக்கறதுக்கு ஒண்ணுமில்லக்கா. போறேன், தொணைக்கு வான்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

வீட்டில்தான் பெரிய மலை காத்திருந்தது. புருஷன் முருகையன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அதிர்ந்து பேசாதவன். சோற்றில் குழம்பு ஊற்றும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். பிசைந்த கை நின்றது.

"உனக்கு எதாவது இருக்குதா?"

"ஒண்ணும் இல்லங்க."

"அப்பறம் ஏன் போற? போளூர்க்காரங்க தை மாசம் கல்யாணத்த வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பொண்ணோட ஆத்தா அந்த நோவுக்குப் போயி பாத்தான்னு ஒருத்தன் சொன்னா போதும். ஒண்ணுமில்லாதவ ஏன் போவான்னு கேப்பான். ஏற்கனவே அத்தைக்காரி அதுல போனான்னு ஆரம்பிப்பான்."

பொன்னி போன ஐந்து வருஷத்தில் தங்கச்சி பேச்சை அவன் எடுத்தது அன்றுதான். பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டு சொம்பை எடுத்தான். தண்ணீர் குடித்தான்.

ரேணுகாம்பாள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க தங்கச்சியும் இப்படித்தாங்க நாலு பேர் இன்னா சொல்லுவாங்களோன்னு மூடி வச்சா. அவள நான்தான் கழுவினேன். எம் பொண்ணு என்னை அப்படிக் கழுவக் கூடாது. நீங்க சரின்னு சொன்னா சந்தோஷமா போவேன். சொல்லலன்னா வருத்தத்தோட போவேன். ஆனா போவேன்."

முருகையன் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு உன் எடத்துல செருப்ப யாரு பாத்துக்குவா?" என்றான்.

"யாராவது..."

"நான் ஒக்காந்துக்கறேன். மண்டி லீவுதான."

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது வேப்பமரத்தடியில் அன்றும் கூட்டம் இல்லை. நர்ஸ் சந்திரகலா அவளைப் பார்த்ததும், "சொம்பு கொண்டாரலியா?" என்றாள். "கொண்டாந்தா உனக்கு காப்பி போட்டுக் குடுத்திருப்பேன்" என்றாள் இவள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் துணி கட்டி மறைத்திருந்தார்கள். ரவிக்கை ஊக்கைக் கழற்ற விரல் வரவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள்தான்; ஆனாலும் பகல் வெளிச்சத்தில், முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் என்றால் சும்மாவா? கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மன் பேரைச் சொன்னாள். அது தன் பேரும்தானே என்று அந்த நேரத்தில் தோன்றி, கொஞ்சம் தைரியம் வந்தது.

டாக்டரம்மா நரைத்த தலைக்காரி. கையை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். ஒரு பக்கம், மறு பக்கம், அக்குள் எல்லாம் நிதானமாக விரல்களால் அழுத்திப் பார்த்தாள்.

"இப்போ கைக்கு ஒண்ணும் படலம்மா. உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"நாத்தனாருக்கு. செத்துட்டா."

"உங்க ரத்த சம்பந்தம் இல்ல. உங்களுக்குப் பொண்ணு இருந்தா, அவளுக்குத்தான் அத்தை. இருந்தாலும் அதுனால பயப்பட வேணாம். குளிக்கும்போது நீங்களே இப்படிப் பாத்துக்கலாம்." அவள் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். "கட்டின்னு தட்டுப்பட்டா எல்லாமே புத்துன்னு அர்த்தம் இல்ல. ஆனா உடனே வந்து காட்டணும். ஒண்ணுமே இல்லன்னாலும் வருஷத்துக்கு ஒருதரம் வந்துடணும்."

"இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னா முடிஞ்சுதுன்னு இல்லியா?"

"இல்லம்மா. இது இன்னிக்குச் சேதி. அடுத்த வருஷத்துச் சேதிய அடுத்த வருஷம்தான் சொல்ல முடியும்."

ரேணுகாம்பாள் தலையாட்டினாள். வருஷா வருஷம் ஆடி வருகிறது, தீபம் வருகிறது. அதோடு இதுவும் ஒன்று. அவளுக்கு அது கஷ்டமாகத் தோன்றவில்லை.

முருகையன் பயந்தது நடக்காமல் இல்லை. பேச்சு போளூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஐப்பசியில் தட்டு மாற்ற வந்த மாப்பிள்ளையின் அம்மா சரோஜா, காப்பி டம்ளரை வைக்கிற சாக்கில் சமையல்கட்டுக்கு வந்தாள்.

"நீங்க ஏதோ ஆஸ்பத்திரி விசயமா போனீங்கன்னு சொன்னாங்களே சம்மந்தி?"

வெளியே பேச்சு சட்டென்று நின்றது. முருகையன் கூடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கஸ்தூரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது சொல்லி மழுப்பலாம்தான். ரேணுகாம்பாள் அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போனேன் சம்மந்தி. மாருல புத்து நோய் இருக்கான்னு பாத்துக்கினு வந்தேன். ஒண்ணும் இல்லன்னாங்க. அடுத்த வருஷமும் போவேன். இவரு தங்கச்சி அதுலதான் போனா. மறைக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. இதுக்கப்பறம் பொண்ணு வேணாம்னா, நீங்க தாராளமா சொல்லலாம்."

சரோஜா கதவை லேசாகச் சாத்தினாள். அவள் கேட்டது வேறு.

"டாக்டரு பொம்பளையா, ஆம்பளையா?"

கல்யாணம் தையில் நல்லபடியாக நடந்தது.

அடுத்த ஆடிக்கு முகாம் வரவில்லை. ரேணுகாம்பாள் ஆவணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் போய் விசாரித்ததற்கு, வேலூருக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். ஜோதியம்மாளைக் கூப்பிட்டாள். "எனக்கெல்லாம் ஆத்தா இருக்கா. நீ போ" என்றாள் அவள். "எனக்கும் இருக்கா. கூடத்தான் வரப்போறா" என்றாள் ரேணுகாம்பாள். அதற்கும் ஜோதியம்மாள் அசையவில்லை. பத்து நாள் பேசவும் இல்லை.

முருகையன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தான். போளூரில் சரோஜா ஏறிக்கொண்டாள். மகனிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "பொய் எதுக்கு?" என்றாள் ரேணுகாம்பாள். "திரும்பி வந்து நெசத்தச் சொல்லிக்கறேன்" என்றாள் அவள்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது, "வேலூர் ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்றான் இரக்கமாக.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் ரேணுகாம்பாள். "ஸ்டாப்பு வந்ததும் சத்தமா சொல்லு தம்பி. எனக்கு ஊருதான் புதுசு. இவங்களுக்கு எல்லாமே புதுசு."