ஒட்ட வெட்டிய மன்மதன்

டிக்கோயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். நான்தான் மன்மதன். காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடியும்வரை தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாது. ஆனால் நான் இலங்கை ராணுவத்தின் தொண்டர் படையிலும் இருக்கிறேன். கூப்பிட்டால் போக வேண்டும். இந்த வருஷம் காப்புக் கட்டிய பிறகு கூப்பிட்டார்கள்.

முகாமில் தாடியை வழித்து, முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. கை தலையைத் தடவிக்கொண்டே இருந்தது. சாமி குத்தம் என்று தோட்டமே திட்டுமே!

ரதி வேஷம் கட்டும் செல்வம் அண்ணன் மட்டும், “கிரீடம் வச்சா யாருக்குடா தெரியப் போகுது?” என்றார்.

ஆடினேன். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் எரிந்து விழுந்தேன். கிரீடம் உருண்டு போய், ஒட்ட வெட்டிய தலை வெளியே தெரிந்தது. ரதி ஒப்பாரி வைத்தாள். அதற்கும் மேலே இன்னொரு குரல் கேட்டது. என் அம்மா! வருஷா வருஷம் நான் இப்படிச் சாவதை வெற்றிலை மென்றுகொண்டு பார்ப்பவள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் மூக்கில் விரலை வைத்தாள்.

“ஐயோ, பட்டாளத்துல இருந்து எம் புள்ளைய இப்படித்தான கொண்டாந்து போடுவாங்க!”

செத்த மன்மதன் பேசக்கூடாது. மூச்சை மட்டும் பலமாக விட்டேன்.

இப்போதெல்லாம் முகாமிலிருந்து வந்தால் தொப்பியோடுதான் லயத்து வீட்டுக்குள் நுழைகிறேன். அப்படியும் நான் படுத்த பிறகு அம்மாவின் விரல் மூக்கருகே வருகிறது. தூங்குவது போலக் கிடந்து, மூச்சைப் பலமாக விடுகிறேன்.