ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓர் அழுகை

அண்மைவரை, இரண்டு வருடங்களாக எந்தப் படத்தையும் அது எடுக்கப்பட்ட வேகத்தில் நான் பார்த்ததில்லை. போனில் படத்தின் வேகத்தைக் கூட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அதை ஒன்றரையில் வைத்துவிட்டுத்தான் பார்க்கத் தொடங்குவேன். இது என் மனைவிக்கே தெரியாமல் இருந்தது. ஊரில் என்னைப் பெரிய சினிமா ரசிகன் என்று நம்புகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் நான்.

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை ஆறுதலாக, மெதுவாக நகர்த்திச் சம்பளம் வாங்கும் ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வீட்டில் அப்படி என்ன அவசரம் என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. வேறு யாராவது எழுதுவதற்கு முதல் என் வலைப்பக்கத்தில் நான் எழுதிவிட வேண்டும். ஒரு மாதத்தில் மட்டும் பதினொரு படம். மூன்று மணித்தியால நட்சத்திரப் படம் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. கதாநாயகன் நாற்பது பேரை அடித்து முடித்தபோது என் தேத்தண்ணி ஆறவில்லை. ஒரு மலையாளப் படத்தில் வயோதிபர் ஒருவர் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரையில் அவர் குளிர்காய்ச்சல்காரர் மாதிரி நடுங்கினார். ‘ஆழமான மௌனம்’ என்று எழுதினேன். பேய்ப் படம் ஒன்றில் யார் பேய், யார் பயந்து ஓடுகிறவர் என்று பிரித்தறிய முடியவில்லை. அதற்கும் ஒரு தத்துவம் கண்டுபிடித்து எழுதினேன்.

நாளடைவில் உயிருள்ள மனிதர்கள் இழுவையாகத் தெரியத் தொடங்கினார்கள். மனைவி ஒரு வசனத்தைத் தொடங்கினால், அது முடிவதற்குள் என் பெருவிரல் மேசையில் எதையோ தேடும்.

இந்த நிலைமையில்தான் இளம் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், தான் எடுத்த நாற்பது நிமிடப் படத்தை எனக்கு அனுப்பினார். “சேர், முழுசாப் பாத்திட்டு எழுதுங்க.” முழுசாகத்தான் பார்த்தேன். இடியப்பம் சாப்பிட்டு முடிப்பதற்குள் பார்த்தேன். வாவிக்குத் தோணியில் போன மகன் திரும்பி வரவில்லை, தாய் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. தாயாக நடித்தவர் மாங்கேணிக் கிராமத்தில் காலையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண். அதற்கு முதல் நடித்தே இராதவர்.

அன்றைக்கே எழுதினேன். ‘படத்தில் துயரத்துக்குப் பொறுமையில்லை. மகன் வரமாட்டான் என்று தெரிந்த தாய், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போல அழுது முடிக்கிறாள்.’ இந்த வசனத்தை எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். சிலர் அந்த வரியை மட்டும் வெட்டிப் பகிர்ந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பட்டினத்தில் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். அந்த ஆசிரியர் என்னையும் அழைத்து முன்வரிசைக் கதிரையில் இருத்தினார். அவ்வளவு நல்ல மனிதர். படம் தொடங்கியது. தாய் ஒரு கோப்பையில் சோறு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடினாள். மூடிய கையை எடுக்கவில்லை. எடுக்கவேயில்லை. நான் பின்னால் திரும்பி ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“மெசின்ல ஏதும் பிழையா தம்பி? படம் மெதுவா ஓடுது.”

“இல்ல சேர். இதுதான் படம்.”

அந்தக் கதிரையில் அதற்குப் பிறகு நான் இருந்த விதத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தத் தாய் அழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாள் தெரியுமா? முதலில் வாசலைப் பார்த்தாள். கோப்பையில் உட்கார்ந்த ஈயைக் கலைத்தாள். சீலைத் தலைப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். மண்டபத்தில் ஒருவரும் செருமவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைக்க லேஞ்சி ஒன்றைத் தந்தார். நான் படத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

முடிந்ததும், நடித்தவர் எங்கே என்று கேட்டேன்.

“வரமாட்டன் எண்டுட்டா சேர். அடுத்த படத்துக்கும் அவதான் எண்டு எழுதி வெச்சிருக்கன். ஏலாது எண்டுட்டா.” ஆசிரியர் கொஞ்சம் தயங்கினார். “நீங்க எழுதினத்த அவட மகள் வாசிச்சுக் காட்டியிருக்கு. மறுகா ஊர்ச் சனத்துக்கும் அது போயிட்டு. தண்ணி எடுக்கப் போனாலும், ‘பஸ் போகப் போகுது கா, கெதியா அழு’ எண்டு பகிடி பண்றாங்களாம்.”

அவரிடம் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஓ” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, மாங்கேணிக்குப் போக வாகரை பஸ்ஸில் ஏறினேன். வழிநெடுக ஒரு பொய்யைத் தயார் செய்தேன்: லைன் சரியில்லை, படம் தானாகவே வேகமாக ஓடிவிட்டது. ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்வரை அது நம்பக்கூடியதாகவே இருந்தது. தாயாக நடித்தவருடைய வளவின் வாசல் கடப்படியில் நின்று நான் யார் என்று சொன்னபோது, அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் தானாக இறங்கிப் போய்விட்டது.

“நான் உங்கட படத்தக் கெதியா ஓட விட்டுத்தான் பாத்த” என்றேன். “நீங்க அழுதது சரி. நான் பாத்ததுதான் பிழை.”

அவருக்கு விளங்கவில்லை. கதிரையைக் காட்டினார். “இரிங்க சேர். என்னத்துக்குக் கெதியா ஓட விட்ட?”

“நேரம் மிச்சம் பிடிக்க.”

“மிச்சம் புடிச்ச நேரத்துல மறுகா என்ன செய்வீங்க?”

“இன்னொரு படம் பாப்பன்.”

“அதையும் கெதியாவா?”

“ஓம்.”

வைத்தியரிடம் காட்ட வேண்டிய ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு, “நான் இன்னும் அதப் பாக்கல்ல. காட்டுங்க” என்றார். நீங்கள் எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே முதலில் காட்டுங்கள் என்றார். ஒன்றரையில் போட்டுக் காட்டினேன். கோப்பை, ஈ, சீலைத் தலைப்பு, எல்லாம் ஓடி முடிந்தன. “பஸ் புடிக்கிற மாதிரித்தான் இரிக்கு” என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை என்னை இன்னும் சிறிதாக்கியது. அடுத்து, இருக்கும் வேகத்தில் போட்டேன். அவர் போனைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தபடியே நின்றார்.

“அந்தத் தம்பி அழச் சொன்னாரு, எனக்கு அழுகை வரல்ல” என்றார். “பிந்தி வாற ஆளுக்குச் சோறு மூடி வைக்கிற மாதிரிச் செய்யுங்க எண்டாரு. அது எனக்குத் தெரியும். என்ட மனிசனுக்கு அப்பிடித்தான் மூடி வைப்பன். ஒருநாள் மூடினது மூடினபடியே இரிந்த.”

சொல்வதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் வலைப்பக்கத்துக்கு உதவும் வசனங்கள்.

திடீரென்று வேலிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். “இஞ்ச வா கா! இந்தச் சேர் என்ன வேலை பாத்திரிக்காரு எண்டு வந்து பாரு!”

பக்கத்து வீட்டுப் பெண் வந்தார். அவரோடு இன்னும் மூன்று பேர். பஸ் பகிடிக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள்தான் என்று பார்த்தவுடனே விளங்கியது. முதலில் ஒன்றரையில், பிறகு சரியான வேகத்தில் என்று மூன்று தரம் படத்தைப் போட்டுக் காட்டி, மூன்று தரமும் என் குற்றத்தை விளக்கினேன். இரண்டாவது வேகத்தில் ஓடும்போது அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி வாயில் கையை வைத்தாள். இன்னொருத்தி, நான் எங்கே வேலை என்று விசாரித்துவிட்டு, “கச்சேரியில இந்த வேகத்துல வேலை செஞ்சா எங்கட காணிப் பத்திரம் எப்பவோ கைக்கு வந்திரிக்கும்” என்றாள். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சரியான வேகத்தில், நீண்ட நேரம் சிரித்தார்கள்.

புறப்படும்போது, அடுத்த படத்தில் நடிக்க வேண்டும் என்று அவரைக் கேட்டேன். “பாப்பம்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் பக்கத்தில் எழுதினேன், ஒன்றரை உட்பட. முதல் பதிவைப் பாராட்டியவர்களில் பாதிப்பேர்கூட இதை வாசிக்கவில்லை. வாசித்த என் மனைவி, “அப்ப நான் கதைக்கக்குள்ள மேசையச் சுரண்டுறது இதுக்குத்தானா?” என்று கேட்டாள். அன்று அவள் பேசி முடிக்கும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து ஆசிரியர் எனக்குப் போன் எடுத்தார். அந்தப் பெண் நடிக்கச் சம்மதித்துவிட்டாராம். என்னைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“சொன்னா சேர்.” ஆசிரியர் சிரிப்பை அடக்குவது கேட்டது. “‘இந்தமுறை படத்தக் கொஞ்சம் கட்டையா எடுங்க தம்பி, அந்தச் சேருக்கு நேரம் காணாது’ எண்டு சொன்னா.”