சந்தைத் திடலில் காய்ந்த படுதா

பிள்ளைகளே, எது ஓவியம், அதை யார் சொல்லவேண்டும் என்று கேட்டீர்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சின்னமனூரில் வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த நாடகக் கம்பெனி மேடைக்குப் பின்னால் தொங்கவிடும், காடு எழுதிய படுதா மழையில் நனைந்து சாயம் கரைந்துவிட்டது. கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒரு காடு எழுதித் தா. நல்லா வந்துச்சுன்னா எங்க கூடவே வந்துரு," என்றார். சுண்ணாம்பு வாளியை விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரே ஆசை.

நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? பின்னால் மேகமலை, அடிவாரத்தில் கதிர் சாய்ந்த நெல்வயல் என்று எழுதினேன். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ராசா வனவாசம் போற காடுப்பா இது. சிங்கத்தைக் காணோம், தாமரைக் குளத்தைக் காணோம். இதெல்லாம் ஓவியமா? தண்ணியாவது மின்னட்டும்."

கிடைத்த வேலை போய்விடுமே என்று வயல் முழுக்கத் தண்ணீரை நிறைத்தேன்.

காய்வதற்காகச் சந்தைத் திடலில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கட்டினோம். அன்றைக்குச் சந்தை நாள். கத்தரிக்காய்க் கூடையோடு போன ஒரு பெண் நின்றுவிட்டாள்.

"அறுக்கப்போற வயல்ல எவன் தண்ணியக் கட்டி வச்சிருக்கான்? கதிரு முளைச்சுப் போகாதா?"

பின்னால் நின்ற வண்டிக்காரர், "எங்க மச்சான் வயலாத்தான் இருக்கும். அவுகதான் மடையத் தெறந்து விட்டுட்டுத் தூங்குவாக," என்றார்.

"மடை எங்கன இருக்கு? வரப்பே ஒழுங்கா இல்ல," என்றார் இன்னொருவர்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இனி வெள்ளையடிக்கிற மட்டைதான் நமக்கு என்று நினைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். முதலாளி வந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமாச் சிங்கத்தைத் தொங்கவிடுறேன். ஒருத்தன்கூட அதுக்கு எரை போட்டியான்னு கேட்டதில்ல."

அந்தப் பெண்ணைப் பார்த்து, "தண்ணி இல்லேன்னா சரியாயிருமா தாயி?" என்றார்.

"மண்ணு லேசா வெடிச்சிருக்கணும். அப்பத்தான எறங்கி அறுக்க முடியும்."

"ஏலே, அந்தத் தாயி சொல்றபடி எழுது."

செம்மண் நிறத்தைக் குழைத்துத் தண்ணீரை மூடினேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, முடியும்வரை நின்றாள். "இப்ப நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளி ஒப்புக்கொண்டதால் அது ஓவியமா, அவள் ஒப்புக்கொண்டதால் ஓவியமா, எனக்கு இன்னும் தெரியவில்லை. படித்தவர்கள் வேறு ஏதாவது சொல்லக்கூடும். ஆனால் ஒருவர் தன் வேலையை விட்டு நின்று பார்த்தால், அவர் சொல்வதையும் காதில் வாங்குங்கள்.

கம்பெனி உத்தமபாளையத்துக்குக் கிளம்பியபோது, சுருட்டிய படுதாவின்மேல் உட்கார்ந்து நானும் போனேன்.