நெளிந்த படம்

போசரித் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனி செய்த கியர் உடைந்துபோனது. குற்றம் எங்கள் மீதா, இரும்பு கொடுத்தவர் மீதா என்று அறிய, உடைந்த துண்டோடு ஒரு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைத் தேடிப் போனேன். அதை இயக்கியவள் பக்கத்துக் கட்கியில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஆனாலும் நான் தமிழில் எதைக் கேட்டாலும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் படம் வேறு நெளிந்தது. இரும்புக்காரர் எனக்கு முன்பே அவளைக் கையில் போட்டுக்கொண்டாரோ என்று சந்தேகம் வந்தது.

“எதை மறைக்கிறேம்மா?” என்று குரலை உயர்த்தினேன். படம் இன்னும் நெளிந்தது.

“சார், உங்க சத்தத்துலதான் படம் ஆடுது. கொஞ்சம் பேசாம இருங்க.”

வாயை மூடினேன். விரிசல் துல்லியமாகத் தெரிந்தது.

மாலையில் ஔந்தில் உள்ள எங்கள் வீட்டில், என்னைக் கண்டதும் மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ‘எதை மறைக்கிறே?’ என்ற வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கவிழ்த்த போனை அவளே நிமிர்த்தி, “அப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றாள்.